சாமத்தில் அழும் நாய்க்குட்டி

வீட்டில் ஒரு குழந்தை பிறந்து அது இரவில் அழுதால், "பிள்ளையென்றால் அழத்தானே செய்யும்" என்று அயலவரும் பொறுத்துக்கொள்வர். ஆனால், வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து அது இரவில் அழுதாலோ, முதல் நாள் வேடிக்கை பார்த்தவர்களே மூன்றாம் நாள் முகஞ் சுளிப்பர். ஐந்தாம் நாள் அந்தக் குட்டிக்கு அந்த வீட்டில் இடம் இருக்குமோ என்பதே ஐயமாகிவிடும். சந்தைகளின் ஓரத்திலும் கோயில் வீதிகளிலும் கொண்டுவந்து விடப்படும் குட்டிகளுள் சில, இரவில் அழுத குற்றம் ஒன்றுக்காகவே அங்கு வந்து சேர்கின்றன.

எங்கள் வீட்டுக் குட்டியும் அந்த வழியே போகவிருந்ததுதான். அது தப்பியது எவ்வாறு என்பதையும், நாங்கள் முதலிற் செய்த பிழைகளையும், பின்பு கற்றுக்கொண்ட முறைகளையும் இங்கே எழுதுகின்றேன். நாய் வளர்க்கும் குடும்பத்தினருக்கும், வளர்க்க விரும்பும் மாணவ மாணவியருக்கும் இவை பயன்படலாம்.

மூன்று இரவுகள்

நான் இளைப்பாறிய ஆசிரியன். மகளின் வீட்டோடு இருக்கின்றேன். மருமகன் வங்கியொன்றில் வேலை பார்ப்பவர். அதிகாலை ஐந்து மணிக்கெழுந்து பஸ் பிடிக்க வேண்டியவர். பேரனுக்கு அப்பொழுது பத்து வயது. அவனுடைய பெரியம்மா வீட்டு நாய் ஐந்து குட்டிகளை ஈன்றிருந்தது. அவற்றுள் ஒன்றை, ஏழு கிழமை ஆனதும், கடகத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கிய அந்தச் சிற்றுயிருக்கு அவன் இட்ட பெயர் வீமன்!

பகல் முழுவதும் வீமன் துள்ளி விளையாடியது. இரவு ஒன்பது மணிக்குப் பின் விறாந்தையில் ஒரு சாக்கை விரித்து, குட்டியைத் தூணிலே கட்டி, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினோம். கால்மணி நேரம் செல்லவில்லை. மெல்லிய அனுங்கல் கேட்டது. பிறகு அது கீச்சிடலாயிற்று. பத்து மணிக்கு முகத்தை உயர்த்தி ஊளையிடவே தொடங்கிவிட்டது.

"அழுது களைத்தால் தானே அடங்கும், ஒருவரும் போகவேண்டாம்" என்று கட்டளையிட்டவன் நான்தான். பதினொரு மணியளவில் மகள் மனம் பொறாமல் எழுந்துபோய்ப் பசுப்பால் வைத்தாள். குடித்து முடிக்கும்வரை மௌனம். பின்பு பழையபடி அழுகை. ஒரு மணிக்குப் பேரன் நழுவிச் சென்று பக்கத்திலே குந்தியிருந்தான். குட்டி உடனே உறங்கிவிட்டது. தகப்பன் வந்து அவனைப் படுக்கைக்கு அனுப்பினார். குட்டி மீண்டும் விழித்தழுதது.

இரண்டாம் இரவு நான் பொறுமையிழந்தேன். பத்திரிகையொன்றைச் சுருட்டிக்கொண்டு போய் அதற்கு ஓர் அடி போட்டேன். அது நடுங்கிச் சிறுநீர் கழித்துவிட்டு மூலையிற் பதுங்கியது. ஐந்து நிமிடம் சத்தமில்லை. அதன் பின் எழுந்த அழுகை முன்னையதைக் காட்டிலும் பரிதாபமாக இருந்தது. நெடுங்காலம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஒருவன் செய்த அந்தச் செயலை நினைக்க இன்றும் வெட்கமாயிருக்கின்றது.

மூன்றாம் நாட் காலை, மதிலுக்கு அப்பாலிருந்து அயல்வீட்டுக்காரர் கூப்பிட்டார். "மாஸ்டர், குறை நினைக்கவேண்டாம். மகளுக்கு உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதந்தான் இருக்கிறது. இரவிலே படிக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை என்கிறாள்" என்றார். மற்றப் பக்கத்து வீட்டு ஆச்சியின் கவலை வேறு. அவருடைய கணவர் நெடுநாளாக நோயிற் கிடந்தார். "தம்பி, சாமத்திலே நாய் ஊளையிட்டால் எமன் வருகிறான் என்பார்கள். எனக்கு நெஞ்சு பதறுகிறது" என்று ஆச்சி கண்கலங்கினார்.

அன்றிரவும் அழுகை ஓயவில்லை. மறுநாள் விடியற்காலை, சிவந்த கண்களோடு மருமகன் என் முன் வந்து நின்றார். "மாமா, எனக்கும் அதன்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்களால் அயலெல்லாம் நித்திரையின்றி இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும்போது குட்டியை அங்கே விட்டுவிடுகிறேன். யாராவது எடுத்துப் போவார்கள்" என்றார்.

எடுத்துப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பேரன் காலை உணவைத் தொடவில்லை. "அப்பா, அது தாயை விட்டு வந்து மூன்று இரவுதானே? இருட்டிலே தனியாகக் கட்டிவைத்தால் அழாமல் என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்விக்கு எங்களில் ஒருவரிடமும் விடை இருக்கவில்லை.

"தம்பி, எனக்கு ஒரு கிழமை தவணை தாரும்" என்று மருமகனிடம் கேட்டேன். அவர் தலையசைத்தார். அன்றே நானும் பேரனும் குட்டியைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனோம்.

அவர் ஒரு காலத்தில் என்னிடம் எட்டாம் வகுப்பிற் படித்தவர். பின்பு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் பயின்றவர். குட்டியை நன்றாகப் பரிசோதித்துவிட்டு, நடந்தவற்றையெல்லாம் கேட்டறிந்தார். பின்பு மெல்லச் சிரித்து, "மாஸ்டர், முதலாம் வகுப்பிலே முதல் நாள் தாயைத் தேடி அழுகிற பிள்ளையை அடித்தா நிறுத்துவீர்கள்?" என்று கேட்டார். நான் தலை குனிந்தேன்.

ஏன் அழுகின்றது?

அழுகை குட்டியின் பிடிவாதமன்று. அது இயற்கை அதற்கு அளித்த காவல். பிறந்த குட்டிக்குக் கண் திறக்கப் பத்து முதல் பதினான்கு நாட்கள் செல்லும். காது கேட்கவும் ஏறக்குறைய மூன்று கிழமையாகும். அந்தக் காலத்தில் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் அதனால் இயலாது. தாயின் மடியைவிட்டு உருண்டு விலகிய குட்டி சத்தமிட்டால் தாய் அதனைக் கண்டுகொள்ளும். சத்தமிடாத குட்டி குளிரில் விறைத்துச் சாகவும் கூடும். ஆகவே, "நான் தனித்துவிட்டேன், என்னை வந்து எடுங்கள்" என்பதே அந்த அழுகையின் பொருள்.

ஏழு கிழமையும் வீமன் உறங்கியது தன் உடன்பிறந்தவற்றின் மேலும் கீழுமாக. அவற்றின் சூடு, தாயின் மணம், மூச்சுச் சத்தம் ஆகியவற்றுக்கிடையிலேயே அது கண்மூடிப் பழகியது. அவை யாவற்றையும் நாங்கள் ஒரே இரவிற் பறித்துவிட்டு, சீமெந்துத் தரையில் ஒரு சாக்கைக் கொடுத்தோம்.

இந்த விஷயத்தை ஆராய்ந்த அறிஞர்கள் உளர். அமெரிக்காவிலே மேயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜக்சன் ஆய்வுகூடத்தில், ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் என்னும் இருவர் ஐந்து இன நாய்களை ஆண்டுக்கணக்காக வளர்த்து அவற்றின் நடத்தையை அவதானித்தனர். அவர்களுடைய நூல் 1965 ஆம் ஆண்டில் வெளிவந்தது. குட்டியின் மூன்றாவது கிழமை முதல் பன்னிரண்டாவது கிழமை வரையான காலமே, அது பிற உயிர்களோடு உறவு கொள்ளக் கற்கும் காலம் என்று அவர்கள் கண்டனர். தன் கூட்டத்தோடு பழகிய இடத்தில் இருக்கும் குட்டியைவிட, புதிய இடத்தில் தனியாக விடப்பட்ட குட்டி மிகுதியாக அழும் என்பதும் அந்த ஆய்வுகளிற் புலனாயிற்று. தனிமை ஒரு துன்பம். புதிய இடம் மற்றொரு துன்பம். நாங்கள் இரண்டையும் ஒன்றாகச் சுமத்தியிருந்தோம்.

இவற்றோடு உடலின் தேவையும் உண்டு. இரண்டு மாதக் குட்டியால் ஏறக்குறைய மூன்று மணி நேரமே சிறுநீரை அடக்க முடியும். மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை வருமோ, அத்தனை மணி நேரம் என்பது நாய் வளர்ப்போர் கொள்ளும் ஒரு கைக்கணக்கு. ஒன்பது மணிக்குப் படுக்கவிட்ட குட்டி நள்ளிரவில் அழுதால், அது வெளியே போக வேண்டும் என்று கேட்பதாகவும் இருக்கலாம்.

நாங்கள் செய்த பிழைகள்

எங்கள் பிழைகளை வைத்தியர் ஒவ்வொன்றாக விரல்மடித்துக் கூறினார்.

முதலாவது, முதல் இரவிலேயே ஆளரவமில்லாத இடத்தில் விட்டமை. ஆதியில் மனிதரோடு நாய் சேர்ந்து 14,000 ஆண்டுகளுக்குக் குறையாது என்பதற்கு எலும்புச் சான்றுகள் உண்டு. மனிதர் படுத்திருக்கும் இடத்துக்கு அண்மையில் உறங்கிப் பழகிய இனம் அது.

இரண்டாவது, ஒரு நேரம் போகாமலும் ஒரு நேரம் போயும் அதனைக் குழப்பியமை. அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர், பேர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து 1957 இல் வெளியிட்ட நூலில், புறாக்களைக் கொண்டு இதனை விரிவாகக் காட்டினார். கொத்துந்தோறும் இரை கிடைத்துப் பழகிய புறா, இரை நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டுவிடும். எப்பொழுதாவது ஒரு முறை கிடைத்துப் பழகிய புறாவோ நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம் அழவிட்டுப் பின்பு பால் வைத்ததனால், "இரண்டு மணி நேரம் அழுதால் பால் வரும்" என்ற பாடத்தையே நாங்கள் வீமனுக்குப் படிப்பித்தோம்.

மூன்றாவது, அடித்தமை. அச்சத்தால் அழும் உயிரை அடித்தால் அச்சமே வளரும். அடி விழுந்தபின் உண்டாகும் மௌனம் அமைதியன்று, அது திகில்.

நான்காவது, பசுப்பால். பசுப்பாலில் உள்ள சர்க்கரை நாய்ப்பாலில் உள்ளதிலும் கூடுதலானது. பால்குடி மறந்த குட்டிகளுட் பலவற்றுக்கு அது செமிக்காது. வயிற்றோட்டமும் வலியும் உண்டாகும். அழுகைக்கு மருந்தென்று நாங்கள் வைத்த பாலே, பின்சாமத்து அழுகைக்குக் காரணமாகியிருக்கக்கூடும்.

ஐந்தாவது, தூணிலே கட்டியமை. சிறு குட்டி கயிற்றிற் சுற்றிக் கழுத்து இறுகி இறக்கவும் கூடும். ஆதலால் இரவிற் கயிறு கூடாது.

செய்ய வேண்டியவை

வைத்தியர் சொன்ன முறையில் அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றினோம்.

முதலில் படுக்கை. குட்டி எழுந்து நின்று திரும்பிப் படுக்கக்கூடிய ஒரு மட்டைப்பெட்டியை எடுத்து, முன்பக்கத்தைத் தாழ வெட்டினோம். பேரன் சைக்கிளிற் பெரியம்மா வீட்டுக்குப் போய், தாய்நாய் படுத்த பழந்துணி ஒன்றை வாங்கி வந்தான். அதனைப் பெட்டியில் விரித்தோம். ஒரு போத்தலில் இளஞ்சூடான நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, தடித்த துவாயிற் சுற்றி ஒரு பக்கத்தில் வைத்தோம். சூடு மிகுந்தால் விலகிப் படுக்க மறுபக்கத்தில் இடம் விட்டோம். சிலர் மணிக்கூட்டைத் துணியிற் சுற்றி வைப்பர். அதன் ஓசை தாயின் நெஞ்சுத் துடிப்பை நினைவூட்டும் என்பர். எல்லாக் குட்டிகளிடத்தும் அது பலிக்கும் என்பதற்கில்லை. சூடு, பழகிய மணம், அருகில் ஓர் ஆள் ஆகிய மூன்றுமே முக்கியமானவை.

அந்த ஆள் நானே. பெட்டியை என் கட்டிலின் பக்கத்தில் வைத்தோம். கையை நீட்டினால் குட்டியைத் தொடக்கூடிய தூரம். "நாயை அறைக்குள் விடுவதா?" என்று மகள் தயங்கினாள். இது சில கிழமைக்கு மட்டுமே என்றும், எப்பொழுதும் உள்ளே படுக்க வேண்டும் என்பதில்லை என்றும் வைத்தியர் விளக்கியிருந்தார்.

இரண்டாவது, நேர ஒழுங்கு. நாளுக்கு நான்கு வேளை சிறுகச் சிறுக உணவு. கடைசி வேளை மாலை ஏழு மணிக்கு முன். சோற்றோடு முள் நீக்கிய அவித்த மீன் கொடுத்தோம். வெங்காயமும் கறித்தூளும் சேர்க்கவில்லை. வெங்காயம் நாய்க்கு நஞ்சு. எட்டு மணிக்குப் பேரன் அரைமணி நேரம் விளையாட்டுக் காட்டுவான். படுக்குமுன் முற்றத்தில் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய், சிறுநீர் கழிக்கும்வரை காத்திருந்து, கழித்தவுடன் இன்சொல் கூறித் தடவிக்கொடுப்பான். குட்டிகள் நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் வரை உறங்குபவை. ஆயினும் மாலையில் நெடுநேரம் உறங்கவிட்டால் இரவில் விழித்திருக்கும்.

மூன்றாவது, சாமத்து எழுச்சி. பத்தரைக்கும், ஒன்றரைக்கும், நாலரைக்கும் நான் எழுந்து குட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோனேன். இங்கே ஒரு நுட்பம் உண்டு: அது அழுமுன்னே நாம் எழ வேண்டும். அழுதபின் எழுந்தால் அழுகை அழைப்பு மணியாகிவிடும். வெளிச்சம் குறைவாக இருக்க வேண்டும். பேச்சும் விளையாட்டும் உணவும் கூடா. வேலை முடிந்ததும் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். இரவு சலிப்பூட்டும் நேரம் என்று குட்டி அறிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, இடையில் அனுங்கினால் என்ன செய்வது? மெல்லிய முனகலாயின் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்திருத்தல் நன்று; பல வேளைகளில் அது தானே அடங்கும். அடங்காமற் கூடினால், தூக்காமல், பேசாமல், கையை மட்டும் பெட்டிக்குள் நீட்டி வைக்கலாம். வெளியே போய் நெடுநேரம் ஆகியிருந்தால் ஒரு தரம் முற்றத்துக்குக் கொண்டுபோகலாம். ஏங்கிப் பதறும் குட்டியை விடியும்வரை அழவிடுதல் கூடாது. அதே வேளை, ஒவ்வொரு முனகலுக்கும் மடியில் ஏற்றிக் கொஞ்சுதலும் கூடாது. வீட்டார் அனைவரும் ஒரே முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே எல்லாவற்றிலும் பெரிது.

ஐந்தாவது, பகலில் தனிமைப் பயிற்சி. பகலெல்லாம் பிள்ளைகளின் மடியிற் கிடந்த குட்டி, இரவில் மட்டும் தனியே இருக்கக் கற்காது. வீமனைப் பெட்டியில் விட்டு, கடிக்க ஒரு பழந்துணி முடிச்சைக் கொடுத்து, நாங்கள் அடுத்த அறைக்குப் போய் அரை நிமிடத்தில் திரும்பினோம். பின்பு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், கால்மணி என்று கூட்டினோம். போகும்போது பிரியாவிடையும் இல்லை. வரும்போது ஆரவாரமும் இல்லை. போனவர் திரும்பி வருவர் என்ற நம்பிக்கையைக் குட்டி இவ்வாறு பெறுகின்றது.

ஒரு கிழமையின் கணக்கு

பழைய ஆசிரியனாதலால், கொப்பி ஒன்றில் கணக்கு வைத்தேன். முதல் இரவு வீமன் மூன்று முறை அழுதது. மொத்தம் நாற்பது நிமிடம். இரண்டாம் இரவு இருபத்தைந்து நிமிடம். மூன்றாம் இரவு மீண்டும் முப்பத்தைந்து நிமிடமாயிற்று. என் மனம் சோர்ந்தது. முன்பு பலன் தந்த ஒன்று பலன் தராதபோது உயிர்கள் சிறிது நேரம் அதனையே கூடுதலாகச் செய்து பார்க்கும் என்றும், அந்த நேரத்தில் இளகினால் முன்னைய முயற்சி முழுவதும் வீண் என்றும் வைத்தியர் எச்சரித்திருந்தது நினைவுக்கு வந்தது. ஆகவே முறையை மாற்றவில்லை. நான்காம் இரவு பத்து நிமிடம். ஐந்தாம் இரவு இரண்டொரு முனகல் மட்டும். ஆறாம் இரவு ஒன்றுமில்லை. ஏழாம் நாட் காலை மருமகன், "மாமா, குட்டி எங்கே? சத்தமே கேட்கவில்லையே!" என்று பயந்தே போய்விட்டார். அது என் கட்டிலின் அருகே மல்லாந்து உறங்கிக்கொண்டிருந்தது.

அதன் பின்பு பெட்டியை நாளுக்கு ஒரு முழம் வீதம் கதவை நோக்கி நகர்த்தினேன். மூன்று கிழமையில் அது வாசலைத் தாண்டி விறாந்தைக்குப் போய்விட்டது. ஒரு நாள் அவசரப்பட்டு மூன்று முழம் நகர்த்தியபோது அழுதது. மறுநாள் இரண்டு முழம் பின்வாங்கினேன். சாம எழுச்சிகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நான்கு மாதமானபோது வீமன் இரவு முழுவதும் உறங்கக் கற்றுக்கொண்டது. அந்தப் பருவத்தில் 28 பாற்பற்களும் விழத் தொடங்கி, 42 பற்கள் முளைக்கும். ஈறு தினவெடுப்பதால் மீண்டும் சில இரவுகள் முனகக்கூடும். குளிர்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கடிக்கக் கொடுத்தால் ஆறுதலாகும்.

நோயினால் எழும் அழுகை

மேற்கூறிய யாவும் சுகதேகியான குட்டிக்கே பொருந்தும். வயிறு பானைபோல் ஊதியிருந்தால் குடற்புழு என்று ஐயுறலாம். குட்டிகளுக்குத் தாயிடமிருந்தே புழு தொற்றுவதால், இரண்டாவது கிழமையிலிருந்தே வைத்தியர் கூறும் முறைப்படி பூச்சிமருந்து கொடுக்க வேண்டும். தெள்ளும் உண்ணியும் கடித்தாலும், காதிற் சீழ் கட்டினாலும் நாய் இரவில் உறங்காது. வாந்தியும் இரத்தங் கலந்த கழிச்சலும் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதியாமல் வைத்தியரிடம் போக வேண்டும். 1978 இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ என்னும் கிருமிநோய் குட்டிகளை இரண்டொரு நாளிற் கொன்றுவிடக்கூடியது. ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, உரிய தவணைகளில் தடுப்பூசி இட்டால் அதனைத் தவிர்க்கலாம்.

மனிதர் உண்ணும் நோவு மாத்திரையையோ நித்திரை மாத்திரையையோ நாய்க்கு ஒருபோதும் கொடுக்கலாகாது. நமக்குச் சுகந்தரும் சில மருந்துகள் அதன் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

நாயின் குரல் திடீரென்று கம்மி, அது விழுங்கமாட்டாமல் வாய்நீர் வடித்து, காரணமின்றிக் கடிக்க வந்தால், அது விசர்நோயாக இருக்கலாம். பிள்ளைகளை அண்டவிடாமல் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இதில் நாட்டு வைத்தியத்தை நம்பிக் காலங் கடத்துவது உயிருக்கு உலை வைக்கும்.

வளர்ந்த நாயும் முதிய நாயும்

வளர்ந்த நாய் இரவில் அழுவதற்குக் காரணங்கள் வேறு. பகல் முழுவதும் சங்கிலியிற் கிடந்த நாய் இரவில் எவ்வாறு களைத்து உறங்கும்? காலையும் மாலையும் அரைமணி நேரம் நடத்திச் சென்றால் பாதித் தொல்லை தீரும். அயலில் பெட்டைநாய் பருவத்துக்கு வந்தால் கடுவன்கள் ஊண் உறக்கமின்றி அழும். அப்பருவம் ஏறக்குறைய மூன்று கிழமை நீடிக்கும். கருத்தடைச் சத்திரசிகிச்சையே அதற்கு நிலையான பரிகாரம். தீபாவளி வெடியும் மாரிகால இடிமுழக்கமும் நாயை நடுங்கச் செய்யும். அந்த இரவுகளில் அதனை வெளியே கட்டாமல், உள்ளறையில் ஒரு மூலையில் ஒதுங்க இடங்கொடுத்தால் போதும்.

முதுமையின் அழுகை மிகவும் இரங்கத்தக்கது. மனிதருக்கு நேர்வதுபோலவே நாயின் மூளையும் முதுமையில் தளர்கின்றது. கலிபோர்னியாவிற் செய்து 2001 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 11, 12 வயதான நாய்களுள் 28 சதவீதத்திலும், 15, 16 வயதானவற்றுள் 68 சதவீதத்திலும் அத்தளர்ச்சியின் அறிகுறி ஒன்றாயினும் காணப்பட்டது. பகலில் உறங்கி இரவில் அலைதல், சுவரைப் பார்த்து நிற்றல், காரணமின்றி அனுங்குதல் ஆகியவை அவ்வறிகுறிகள். மூட்டுவலியும் சேர்ந்தால் துன்பம் பெரிது. மெத்தென்ற படுக்கை, மங்கலான ஓர் இரவு விளக்கு, சாமத்தில் ஒரு தரம் வெளியே கொண்டுபோதல், வைத்தியரின் மருந்து ஆகியவை துணைபுரியும். பத்தாண்டு நம் வாசலைக் காத்த உயிருக்கு இவ்வளவும் செய்தல் கடமையாகும்.

எமன் வருகின்றானா?

ஆச்சியின் அச்சத்தையும் நான் வைத்தியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாய் ஓநாயின் வழி வந்தது. ஊளை என்பது தூரத்திலுள்ள தன் கூட்டத்தை அழைக்கும் குரல் என்றார். மனிதக் காது கேட்கும் மிகக் கூர்மையான ஒலி வினாடிக்கு 20,000 அதிர்வு; நாயின் காதோ ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். நமக்குக் கேளாத ஒலிக்கு அது மறுமொழி கூறும்போது, காணாத ஒன்றைக் கண்டு அழுவதாக நமக்குத் தோன்றுகின்றது. நோயாளி கிடக்கும் வீட்டில் இரவில் விளக்கெரியும், ஆட்கள் நடமாடுவர், நாய்களும் உறங்கா. அதைக் கண்ட முன்னோர் இரண்டையும் முடிச்சிட்டிருக்கலாம்.

இதனை ஆச்சியிடம் சொன்னபோது, "அது பாவம், தாயைத் தேடித்தான் அழுததா?" என்றார். அந்த மாதத்திலேயே அவருடைய கணவர் எழுந்து விறாந்தைக் கதிரையில் இருக்கலானார். வீமன் அழுததனால் அவர் நோயுற்றதுமில்லை. அது அழாது விட்டதனால் தேறியதுமில்லை. ஆனால் அந்த வீட்டில் ஆச்சி இரவில் நித்திரை கொண்டார் என்பது உண்மை. இப்பொழுது மீன் வெட்டும் நாட்களில் ஆச்சியின் குரல் மதிலுக்கு மேலால் வீமனைத் தேடுகின்றது.

அயல்வீட்டு மாணவியும் பரீட்சையை ஒழுங்காக எழுதி முடித்தாள். மருமகன் மாலையில் பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பியதும் படலைக்கு முதலில் ஓடுவது வீமன்தான். அவரும் பையிலிருந்து பாண் துண்டொன்றை எடுப்பதை நான் காணாதவன்போல் இருந்துவிடுகின்றேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டுக்கு ஒரு குட்டி வருமாயின், எட்டுக் கிழமை ஆனபின் அதனைக் கொண்டுவாருங்கள். நாங்கள் ஏழிலேயே அவசரப்பட்டோம். தாயின் மணமுள்ள துணி ஒன்றையும் கூடவே வாங்கி வாருங்கள். அயலவரிடம் முன்கூட்டியே சொல்லி, சில நாட் பொறுமையைக் கேளுங்கள். சொல்லாது வரும் தொல்லையைவிடச் சொல்லி வரும் தொல்லையை மனிதர் எளிதிற் பொறுப்பர். முதற் சில இரவுகள் குட்டியின் அருகே படுங்கள். என் பேரன் கேட்ட கேள்விக்கு அன்று எங்களிடம் இல்லாத விடை இதுதான்: இருட்டிலே தனியாக விட்டால் அது அழும், பக்கத்தில் ஒருவர் இருந்து சிறிது சிறிதாக விலகினால், அது தனியே உறங்கக் கற்றுக்கொள்ளும்.